வியாழக்கிழமை முகவரி

அவைத்தலைவர் முகமது யூசுப் அவர்களே, மறைந்த சம்பந்தம் அவர்களின் மகள் ரோகிணி அவர்களே, ஹப்சிகுடாத் தமிழ் அன்பர்களே! எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. நேற்று அச்சிட்டு உங்களிடம் கொடுத்த தாளின்படியே பேசுகிறேன்.

1. சம்பந்தம் அமைத்த உதவி அஞ்சல்
2. அவருடைய கவனம்
3. அவர் என்னை விலக்கியது
4. இனி நம் கடமை

முதலாவது. நம் சங்கத்தின் யூனிக்ஸ் கணினியில் கிழமைக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்தவர் யார்? சம்பந்தம்! ரத்தம் வேண்டும், மருத்துவமனைக்குத் துணை வேண்டும் என்று வியாழன் முகவரிக்கு எழுதினால், அது தானாக அன்றைய தொண்டரான எனக்கு வரும்; நான் போவேன். எந்த முகவரி யாருக்கு என்ற பட்டியல் ஒரே கோப்பில் இருந்தது.

இரண்டாவது. பட்டியலில் பெயர் சேர்த்ததும் சோதனைக் கடிதம் அனுப்பி, போனில் கேட்பார்.

"வந்துச்சா ரகு?"

"வரலை சார். நான்தான் ஏதோ தப்பா..."

"நக்கோ, நக்கோ! உன் தப்பு இல்லை. எழுதினேன், புதுப்பிக்கிற கமாண்டைக் கொடுக்க மறந்துட்டேன். மெஷினுக்குச் சொல்லாம மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

எத்தனை கவனம்! எத்தனை பொறுமை!

மூன்றாவது. இரண்டாண்டுக்கு முன் மூன்று மாதம் மகன் வீட்டில் இருந்தேன். திரும்பிய பின் ஒரு கடிதமும் வரவில்லை. என் பெயரை எடுத்துவிட்டார் என்று எண்ணினேன். செகந்திராபாத் நிலையத்தில் அவரைக் கண்டும் வேறு பக்கம் நடந்தேன். ஏன் கேட்கவில்லை? ஒரே ஒரு வார்த்தை, ஏன் கேட்கவில்லை?

இன்று காலை ரோகிணி அந்தக் கோப்பைத் திறந்தார். "அங்கிள், உங்க பேரு இங்கயே இருக்கே!" இருந்தது. பக்கத்தில் அவர் பெயரும் இருந்தது. மேலே, கணினி படிக்காத குறிப்பு வரி ஒன்று: 'ரகு பேரை எடுக்காதீங்க. கூச்சக்காரன். கேட்டா சங்கடப்படுவான். வர்ற வரைக்கும் நான் போறேன்.'

ஊருக்குப் போகுமுன், என் கடிதங்கள் மகனின் அலுவலக முகவரிக்குப் போக என் கணக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். திரும்பியதும் அழிக்கவில்லை. மகன் அந்த வேலையை விட்டுவிட்டான். நூறு வியாழக்கிழமைகள், யாரும் திறக்காத பெட்டியில் போய் விழுந்தன. நூறு வியாழக்கிழமைகளும் எனக்காகச் சம்பந்தம் போனார்.

நான்காவது. அந்த வரியை அழித்துவிட்டேன். நாளை மறுநாள் வியாழன். நான் போவேன், இது உறுதி. ஆனால் "வந்துச்சா ரகு?" என்று கேட்க யார் இருக்கிறார்? நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பேன்?

அன்பர்களே, தாளில் மூன்றாவது குறிப்பு தவறு. பேனா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.