பேரு வெட்டாத கல்லு

பூசாரி ஒரு பொட்டலத்தைப் பிரிச்சாரு. பூ இல்ல. இன்னொண்ணையும் பிரிச்சாரு. அதுலயும் இல்ல. கோயில்ல நின்ன சனம் எட்டி எட்டிப் பாத்துச்சாம். இது ஆலவூரணிக்கு ரோடு வராத காலத்துல நடந்தது.

அந்த ஊரு சங்கிலியனுக்கு மூணு பிள்ளைக பேரு வைக்குமுன்னே செத்துப்போச்சு. நாலாவதாப் பிறந்தது பொண்ணு. அதுவும் ரெண்டு நாளாப் பால் குடிக்கல. பேரு வச்சாத்தான் உசுரு உடம்புல தங்கும்பாங்க. செத்துப்போன கிழவி பேரை வச்சா அவளே காவலுக்கு வருவாளாம். ஆனா கிழவிக ரெண்டு. அவன் ஆத்தா பொன்னாயி. மாமியா பொன்னாத்தா.

"நம்மாத்தா பேருதான்டா தம்பி"ன்னா அக்கா ஒச்சம்மா.

"ஏன் மச்சான், எங்காத்தா என்ன தெருவுல போனவளா?"ன்னான் மச்சினன் விருமன்.

"உங்காத்தா பேரை வச்சா பிள்ளைக்கு வாய் ஓயாதுப்பா"ன்னா ஒச்சம்மா.

"உங்காத்தா பேரை வச்சா ஊரே காலி பண்ணிரும்!"

சரி, சாமிகிட்டக் கேப்போம்னாங்க. பொன்னாயிக்கு வெள்ளைப் பூ, பொன்னாத்தாளுக்குச் சிவப்புப் பூ. சாமி முன்னால போட்டு, பூசாரி எடுக்குற பொட்டலத்துல எந்தப் பூவோ அந்தப் பேரு. இலையில மடிச்சுக் கட்டுற வேலை சங்கிலியனுக்கு. விட்டுப்போன கிழவி கோவிச்சுக்கிட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவாளோன்னு அவனுக்குப் பயம். வெறும் இலையைக் கட்டிக் குடுத்துட்டான். பழி சாமி மேல போயிருச்சு. சூதுவாது தெரியாதவன், பாவம்னு சொல்றவங்க உண்டு. உள்ளதைச் சொன்னா, கோழை.

சாமிக்கே அந்த ரெண்டு பேருல எதுவும் வேணாமாம்னு சனம் கலைஞ்சுபோச்சு. பொழுது சாயறப்ப பிள்ளைக்குக் கண்ணு மேல சொருகுச்சு.

"ஏய்யா, ரெண்டு கிழவியும் செத்தாச்சு. உசுரோட இருக்கிறது இது ஒண்ணுதான். ஏதாச்சும் ஒரு பேரைக் கூப்பிடுய்யா"ன்னு கத்துனா பொண்டாட்டி மூக்காயி.

அப்பன்தான் காதுல கூப்பிடணும், அதான் அப்ப முறை. குனிஞ்சான். 'பொன்னா'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சாம். அதுக்கு மேல எந்தக் கிழவி பக்கம் போறதுன்னு தெரியல. அவன் யோசிச்சு முடிக்குமுன்னே பிள்ளைக்கு மூச்சு நின்னுபோச்சு.

ஊரணிக் கரையில அந்தப் பிள்ளைக்கு நட்ட கல்லு இன்னும் நிக்குது. ஒரு எழுத்து கிடையாது. இப்பல்லாம் அந்த ஊர்ல பொம்பளப் பிள்ளை பிறந்தா, குளிப்பாட்டுமுன்னே ஆத்தாக்காரியே காதுல பேரைச் சொல்லிருவா. அப்பனைக் கேக்குறதில்ல.

அன்னைக்குப் பிள்ளையைப் புதைக்கிறப்ப, பொம்பளைக குழிக்கு வரக்கூடாதுன்னு தடுத்தும் மூக்காயி வந்தாளாம். "மண்ணுகிட்டயாவது ஒரு பேரைச் சொல்லிக் குடுய்யா"ன்னாளாம்.

சங்கிலியன் ரெண்டு கையாலயும் மண்ணை அள்ளிப் போட்டானாம். பேரைச் சொல்லலையாம்.