டிவியில் பேசிய அண்ணி

திண்டிவனம் பேருந்து மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக்கொண்டிருந்தது. என் முன்சீட்டில் உப்பள வேலைக்குப் போகும் பெண்கள் இருவர். மூத்தவள் காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்:

"நேத்து டிவியில எங்க அண்ணி பேசுச்சு."

"அது செத்துப்போச்சேக்கா!"

"கோட்டு போட்ட ஒருத்தர்தான் பேசுனாரு. பேச்சு அண்ணியோடது. 'மழை வந்தா உப்புக்குத் தார்ப்பாய் போடுறீங்க, எங்களுக்கு என்ன போடுவீங்க?'ன்னு."

"கவர்மெண்டுக்கு யோசனை எழுதிக் குடுக்குற ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு வந்து, போன்ல பதிஞ்சுட்டுப் போச்சே, அதுவா?"

"அதேதான். ரிப்போர்ட்ல போட்டுட்டாங்க. இப்ப மந்திரியும் அதையே சொல்றாரு. வேலை இல்லாத மழைக்காலத்துக்குப் பணம் வந்துரும்ங்கறாங்க."

"நல்லதுதானேக்கா."

"நல்லதுதான்டி. ஆனா, அன்னைக்குப் போன்ல பதியறப்ப தார்ப்பாய்னு சொல்லிட்டு அண்ணி நிறுத்தி இருமுச்சு, ஞாபகம் இருக்குதா? அங்கயேதான் அந்தக் கோட்டுக்காரரும் நிறுத்துறாரு. மந்திரியும் நிறுத்துறாரு."

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே உப்புக் குவியல்கள் தார்ப்பாய்க்குள் கிடந்தன.

மூத்தவள் தொடர்ந்தாள்: "அந்த ஆபீஸ் பொண்ணு நாளைக்கு மறுபடி வருது. அடுத்த ரிப்போர்ட்டுக்கு என்னைப் பேசச் சொல்லியிருக்குது."

"பேசப் போறியாக்கா?"

மூத்தவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.