எச்சிலின் மினுமினுப்பை வென்ற எங்கள் தலைமைச் செவிலியருக்கு

பற்குழிகளின் பகைவரே! பயந்தோரின் பக்கபலமே! ஊசியைக் காட்டாமலே ஊசி போட்டு முடிக்கும் உத்தமியே! வணக்கம்.

முப்பத்தோராண்டுகள், மூன்று மருத்துவர்கள், எங்கள் கணக்கில் நான்கு கோடிப் பற்கள்! ஒன்றிரண்டு கூடலாமே தவிரக் குறையாது.

பெருமைகள் பலவிருக்க, பேருந்து ஓட்டுநர் ஒருவரின் கடைவாய்ப்பல்லைப் பற்றிப் பேசாமல் விடமாட்டோம். மலைச்சரிவில் பிரேக் போன பேருந்தை அதட்டியே நிறுத்தியவராம் அவர். அப்படிப்பட்டவர் பல்லுக்கு அளவெடுக்கும் பசையைக் கண்டதும் குமட்டி, மும்முறை நாற்காலியிலிருந்து ஓடினார். பல்லுக்கு உறையாகும் கேப் போட வழியின்றி, எட்டு மாதங்கள் எல்லாவற்றையும் கரைத்தே குடித்தார்.

நான்காம் முறை அவருக்காக, பசையின்றியே பல்லை அளவெடுக்கும் புதிய ஸ்கேனர் காத்திருந்தது. பேனா போன்ற கருவி வாய்க்குள் உலவ, பற்களெல்லாம் திரையில் எழுந்தன. கேப் போடவேண்டிய பல் இருக்குமிடத்தில் மட்டும் கறுப்பாய் ஓர் ஓட்டை!

"சரி, பழையபடி பசையே வச்சுடலாம்" என்றார் மருத்துவர்.

"அப்ப நான் கிளம்புறேன் டாக்டர்!" ஓட்டுநரின் ஒரு கால் அதற்குள் தரையில். இம்முறை போனால் திரும்பமாட்டார் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும்.

தாங்கள் மட்டும் அசையவில்லை. "அண்ணே, காலை மேல வைங்க. பசையும் வேணாம், கிசையும் வேணாம். டாக்டர், மெஷின் மேல தப்பில்ல. எச்சில் மினுங்குது, அதான் அதுக்குக் கண்ணு கூசுது."

நாங்கள் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, தாங்கள் வாயைப் பார்த்தீர்! கன்னத்தோரம் பஞ்சுருளை வைத்தீர். காற்றடித்துப் பல்லைக் காயவைத்தீர். கருவியை மீண்டும் ஓட்டினீர். நாற்பதே நொடியில் பல் முழுதாய்த் திரையில் முளைத்தது! இரண்டு வாரம் காத்திருந்து வாங்கும் கேப்பைப் பின்னறை இயந்திரம் அன்று மதியத்துக்குள் செதுக்கித் தந்தது. ஸ்கேனரை விற்க வந்த பொறியாளர் தங்களிடம்தான் பாடம் படித்தார் என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறோம், தயவுசெய்து மறுத்துவிடாதீர்.

மூன்றாம் நாள் ஓட்டுநரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார்: "என்னம்மா பண்ணி அனுப்புனீங்க இவரை? வீட்டுல கடலை டப்பா மிஞ்சல!"

அந்த ஓட்டுநரை இன்று தங்கள் பாராட்டு விழாவின் முன்வரிசைக்கு அழைத்திருக்கிறோம். நல்ல உடலும் நகைமுகமுமாய்த் தாங்கள் நூறாண்டைத் தாண்டி வாழ்க என நாங்கள் வாழ்த்தும் இவ்வேளையில், 'கடக் கடக்' என்று கடலை கடிபடும் ஓசை கேட்டால் அவரை அதட்டாதீர். எங்கள் வாழ்த்தைவிட அது உரக்கவே கேட்கட்டும்!

பெருமிதத்துடன்,
பல் மருத்துவமனை ஊழியர்கள் அனைவரும்

(எழுத்து: சென்ற ஆண்டே ஓய்வு பெற்றும் வருகையை நிறுத்தாத வரவேற்பு எழுத்தர்)