ஐஸ் பெட்டிப் பாம்பு

தவளைக்குப் பொறுமை கிடையாது ஐயா. கேமராவைச் சரிசெய்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தால், அடுத்த நொடி அது தண்ணீரில் இருக்கும், நாம் சேற்றில் இருப்போம். அதற்குத்தான் ஐஸ் பெட்டி. டிபன் டப்பாவில் போட்டுக் கொஞ்ச நேரம் குளிரில் வைத்தால் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிடும். பாம்புக்கும் அதே வைத்தியம்தான். சாகாது, மரத்துப்போகும். வெயில் பட்டால் பழையபடி எழுந்துவிடும்.

இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? தொடாமல், துரத்தாமல், காத்திருந்து எடுப்பவன் என்றுதான் எனக்குப் பேர். பரிசுகள் வந்ததும் அந்தப் பேருக்காகத்தான்.

அன்று தங்கையின் கணவரைக் காட்டுக்குக் கூட்டிப் போனது என் தப்பு. புதுக் கேமரா வாங்கிய ஜோரில் இருந்தார் மனிதர். வழியெல்லாம் கிண்டல், சிரிப்பு. ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தியதும் தாகம் என்று பெட்டியைத் திறந்துவிட்டார்.

"என்ன மச்சான், ஜூஸ் இருக்கும்னு பாத்தா தவளை இருக்கு?"

துணிப்பையில் பாம்பையும் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப உங்க படம் எல்லாமே இப்படித்தானா? என் பொண்ணு அதையெல்லாம் சுவர் பூரா ஒட்டி வச்சிருக்கா. போட்டிக்காரங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க மச்சான். இல்லன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

தங்கமான மனிதர். அதுதான் சிக்கல். எனக்கு அவமானமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அந்தப் பாம்பைத் தானே புதரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

"இது கடிக்குமா?"

"மலைப்பாம்புக் குட்டி மாப்ள. கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. கொஞ்சம் வெயில் காயட்டும், அப்புறம் தூக்குங்க."

அது கண்ணாடி விரியன். உடம்பிலுள்ள வட்டங்களைப் பார்த்து, மலைப்பாம்புக் குட்டி என்று புதியவர்கள் ஏமாறுவது எங்கள் வட்டாரத்தில் சகஜம். அவரும் அப்படித்தான் ஏமாந்தார் என்று எல்லோரும் நினைப்பார்கள் என்பது என் கணக்கு. நன்றாகச் சூடேறிய பாறையாகப் பார்த்து நான்தான் அதைக் கிடத்தினேன். அது தெளியும்வரை அவருக்கு லென்ஸைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்.

கடித்த பிறகும் என்னை நம்பினார். கை வீங்கத் தொடங்கிய பிறகுதான், "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா மச்சான்?" என்றார். வண்டிச் சாவியைத் தேடினேன். பாறைக்குப் பின்னால், புதரில், சீட்டுக்கு அடியில். வலியோடு அவரும் கூடவே தேடினார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவர் தேடுவதை நிறுத்தும்வரை நானும் நிறுத்தவில்லை.

தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை. கோபம் ஆறினால் புரிந்துகொள்வாள்.

என் கேமரா இதோ, ஸ்டேஷனில் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கடைசிப் படத்தைப் பாருங்கள். பாம்பு பாய்கிற கணம், அவர் நீட்டிய கை, முகத்தில் இன்னும் மறையாத சிரிப்பு. அந்த நேரத்தில் நான் எதையும் தொடவில்லை ஐயா, துரத்தவில்லை, காத்திருந்து எடுத்தேன். போட்டிக்கு அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது.