சுடுகாட்டுக் கொட்டகையில் ஒரு மேசை

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம். பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இரண்டு பேர், இருவருமே தங்கள் வீடிருக்கும் காஜா பெராங்குக்கு டிக்கெட் வாங்கியவர்கள். இளையவர் பிரஜாவுரிமைப் பாரம் எழுதிக் கொடுப்பவர்.

“சுடுகாட்டுக் கொட்டகையில மேசை போட்டுட்டேண்ணே,” என்றார்.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். “அங்க போயா எழுதுற?”

“வீட்டுல பிள்ளைங்க மையக் கொட்டிடுதுங்க. கோப்பிக்கடையில ரொம்ப நேரம் உக்காந்தா கடை மொதலாளி தவுக்கே மொறைக்கிறான். அங்கன்னா நல்ல காத்து.”

“என் வீட்டுக்கு வரலாம்ல? சம்சாரம் தவறின பெறகு சும்மாதானே கெடக்கு.”

“வேணாம்ணே. ஆளுங்க அங்கயே தேடி வர்றாங்க. காலையில போனா வரிசையா நிக்கிறாங்க. பொறந்த ஊரு, கப்பல்ல வந்த வருசம் எல்லாம் சரியா சொல்றாங்க. விலாசம் கேட்டா மட்டும், இங்கதான்னு தரையக் காட்டுறாங்க.”

பெரியவர் சிரித்தார். இளையவர் சிரிக்கவில்லை.

“நேத்து ஒரு அம்மா வந்தாங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் சாட்சிக் கையெழுத்து போடணும்னேன். உங்க பேரைச் சொன்னாங்க.”

“யாரு அது?”

“செல்லம்மான்னு எழுதினேன். கன்னத்துல பெரிய மச்சம்.”

பெரியவர் கை தன் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது.

“அவளும் தரையத்தான் காட்டினாளா?”

“இல்லண்ணே. அவங்க மட்டும் உங்க வீட்டு விலாசத்தச் சொன்னாங்க.”

காஜா பெராங்கில் இளையவர் இறங்கிக்கொண்டார். பெரியவர் கண்டக்டரைக் கூப்பிட்டு, அதையும் தாண்டி செங் வரைக்கும் இன்னொரு டிக்கெட் கேட்டார்.