எல்லாம் நார்மல்

“ஒரு நாளைக்கு எத்தினி கிளாஸ் தண்ணி குடிக்கிறன்னு கேட்டா, வயல்ல குனிஞ்சிகினு கீறவ இன்னான்னு சொல்லுவா, நீயே சொல்லு சிஸ்டரு. எண்ணிக்கினா குடிப்பா? சொம்புல மொண்டு அண்ணாந்து ஊத்திக்கிறா. அதுல எத்தினி கிளாஸ், எத்தினி மில்லி... கேள்வியை எயுதனவங்க ஏசி ரூம்ல குந்திகினு எயுதிட்டாங்க. வெயில்ல நின்னு கேக்கறவன் யாரு? இந்தத் தமிழ்வாணன்.”

உத்திரமேரூரிலிருந்து பழையசீவரம் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தான் தமிழ்வாணன். வயசு நாற்பத்தாறு. பக்கத்தில் மடியில் ஒரு வெள்ளைப் பெட்டியோடு கீர்த்தி. ரத்தம் எடுக்கிற லேப் டெக்னீஷியன், அன்று காலையில்தான் சென்னையிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். பஸ் ஏறியதிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று. மதகு ஸ்டாப் என்றான். அதற்கப்புறம் பேச அவளுக்கு இடமே விடவில்லை.

“சுகிர்தா மேடம் உங்கிட்ட இன்னா சொல்லி அனுப்பிச்சிது? தமிழ் அண்ணா வூடெல்லாம் காட்டுவாருன்னு சொல்லியிருக்கும். காட்டறேன், அதுக்கு இன்னா. இந்தப் பக்கம் எனக்குத் தெரியாத வூடு ஏது? நானும் பி.எஸ்ஸி. ஸுவாலஜி படிச்சவன்தான், தெரியுமில்ல? நாங்க படிக்க சொல்ல தவளைய மல்லாத்தி குண்டூசி குத்தி, உள்ள கீறதெல்லாம் பாத்து வரைஞ்சி குடுத்தா பாஸு. தவளைகிட்ட சம்மதமா கேட்டோம்? இப்ப இன்னான்னா பதினோரு பக்கம் சம்மதக் கடுதாசி. ‘நீங்கள் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்’னு நான் படிச்சிக் காட்டணும். நான் படிக்க சொல்ல பாதிப் பேரு அப்பவே விலகிப் போயிட்டான். கையெழுத்துப் போடுன்னா, நிலத்த எயுதி வாங்க வந்திருக்கியான்றான். அவனுக்கு நிலமே கெடையாது சிஸ்டரு, அது வேற விஷயம்.”

கண்டக்டர் வந்து டிக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். தமிழ்வாணன் டிக்கெட்டைச் சுருட்டிக் காதைக் குடைந்துகொண்டே தொடர்ந்தான்.

“மேடத்தோட பி.எச்.டி. இன்னான்னு உனுக்குத் தெரியும். வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு எதுக்கு கிட்னி கெட்டுப்போவுதுன்னு பாக்கறது. சுகர் இல்லாதவனுக்கு, பிரஷர் இல்லாதவனுக்கு எல்லாம் போவுதாம். நல்ல ஆராய்ச்சிதான், நான் ஒன்னும் சொல்லல. ஆனா பாரு, காலைல வேலைக்குப் போறதுக்கு முன்ன ஒரு தபா எடை பாக்கணும். மத்தியானம் வேலை முடிச்சி ஒரு தபா. வேர்வைல எவ்ளோ போச்சுன்னு கணக்கு. காலைல சரி, வரிசையா நிக்கறாங்க. மத்தியானம் எவ எங்க கீறான்னு எவனுக்குத் தெரியும்? ஒருத்தி லோடு வண்டில ஏறிப் போயிட்டிருப்பா. ஒருத்தி மோட்டார் கொட்டாய் நிழல்ல துண்டப் போத்திகினு படுத்திருப்பா. எடை மெஷின வரப்பு மேல வச்சா ஒரு பக்கமா சாஞ்சிக்குது. இதுல பிரஷர் வேற பாக்கணும், மூத்திரத்துல பட்டைய நனைச்சி கலர் பாக்கணும். நூத்தி எண்பது பேருக்கு. சித்திர வெயில்ல. நான் சுருண்டு வுயுந்து செத்தா என்ன வச்சி ஒரு பி.எச்.டி. பண்ணுவாங்களா?”

அவன் சிரித்தான். கீர்த்தி சிரிக்கவில்லை.

“மதகு ஸ்டாப்புல எறங்குனா ஏரிக்கரை ஓரம் பதினெட்டு வூடு. இருளருங்க. அதுல மூணாவது வூடு வள்ளியம்மா. தர்பூஸ் வயல்ல கூலி. தண்ணி எத்தினி கிளாஸ் குடிப்பன்னு கேக்கறேன், ‘குடிக்கிறதில்ல சார்’ன்றா. இன்னாம்மா, காலைல ஆறுலேந்து ரெண்டு மணி வரைக்கும் வெயில்ல நிக்கற, குடிக்காம எப்டின்னா, ‘குடிச்சா ஒதுங்கணுமே. ஒதுங்க அங்க ஒரு செடி கீதா? சுத்தி லோடு ஏத்தற ஆம்பளைங்க நிக்கறாங்க’ன்றா. இத எந்தக் கட்டத்துல எயுதறது சொல்லு. ஃபார்ம்ல அதுக்குக் கட்டமே இல்ல. பூஜ்யம்னு போட்டா, மேடம் குடுத்த டேப்லட்டு மெஷின் ஏத்துக்காது, செவப்பு கலர்ல கத்துது. அதான் நான் எட்டுன்னு போட்டேன். எட்டு நல்ல நம்பரு. டாக்டருங்களே அதான சொல்றாங்க.”

கீர்த்தி மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

“இன்னாம்மா பாக்கற? ஒருத்திக்கு எட்டுன்னு போட்டா உலகம் முயுகிப் போயிடுமா? சரி, ஒருத்திக்கு இல்ல. மொதல்ல ஒருத்திக்குதான் போட்டேன். அப்புறம் ரெண்டு மூணு பேருக்கு. மே மாசம் பத்து தேதி வரைக்கும் ஒயுங்கா போனேன் சிஸ்டரு, பொய் சொல்லல. அப்புறம் தலை சுத்த ஆரம்பிச்சிது. எல்.ஐ.சி. வேலை வேற கீது எனக்கு. டீக்கடைல குந்திகினு ஒரு டீயச் சொல்லிட்டு, பேரைப் பாத்து, ஆள மனசுல நெனச்சி போட்டேன். இவ ஒல்லி, நாப்பத்திரெண்டு கிலோ. இவன் தொப்பை, எண்பது. மத்தியானத்துக்கு எல்லாருக்கும் அரை கிலோ கழிச்சிட்டேன். எங்க ஊரு ஜனங்கள எனக்குத் தெரியாதா? மெஷின வுட எனக்கு நல்லாத் தெரியும்.”

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறிக் குதித்தது. கீர்த்தி பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“அத வுடு. அதனால மேடத்துக்கு கெட்டதா ஆச்சி? சென்னைல பெரிய ஓட்டல்ல கான்பரன்ஸு. என் நம்பருங்கள வச்சி ஒரு சார்ட்டு போட்டு மாட்டியிருந்திச்சாம், கோடு சோக்கா ஏறிகினு போவுதாம். நல்லா தண்ணி குடிச்சா கிட்னி நல்லா கீதுன்னு. பரிசு குடுத்தாங்க. போட்டோ அனுப்பிச்சிது எனக்கு, ‘அண்ணா, இது உங்களாலதான்’னு போட்டு. நெசமாவே என்னாலதான். எங்க வூட்டுக்காரிகிட்ட கூட காட்டினேன்.

“அதோட வுட்டுட்டு போயிருக்கலாம் இல்ல? போன ஆவணில ஒரு நாளு எங்க வூட்டுக்கே வந்துட்டுது, லேப்டாப்பத் தூக்கிகினு. ‘அண்ணா, பிரஷர் மெஷின் ஒத்தப்படை நம்பரே காட்டாதா’ன்னு கேக்குது. எனக்குப் புரியல. பாத்தா, நூத்தி இருபது, நூத்திப் பத்து, நூத்தி முப்பது... ஒருத்தனுக்குக் கூட நூத்திப் பதினேயுன்னு வரல. ‘எங்க ஊர்ல எல்லாம் ஜோடி ஜோடியாதான்மா இருப்பாங்க’ன்னு சொன்னேன், சிரிக்கட்டும்னு. சிரிக்கல. ‘மே பதினெட்டு இங்க நாள் பூரா மழை அண்ணா. வேலையே நடக்கல. அன்னிக்கு முப்பத்தொரு பேருக்கு வேர்வைல அரை கிலோ கொறைஞ்சிருக்கே’ன்னிச்சி. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். கத்தவே இல்ல சிஸ்டரு. டீ குடுத்தோம், அப்டியே ஆடை கட்டி ஆறிப்போச்சி. லேப்டாப்ப மூடி வச்சிகினு சொவத்தப் பாத்து குந்தினு இருந்திச்சி.

“மேடத்துக்கு கைடா இருக்கறவரு, பெரிய சாரு, அவரு இன்னா சொன்னாராம் தெரியுமா? ‘ஊர் உலகத்துல யாரு போயி திரும்பப் பாக்கப்போறா, கம்முனு எயுதிக் குடுத்துட்டு பட்டத்த வாங்கு’ன்னாராம். அவரு புத்திசாலி. அவரு பேருதான் அந்த சார்ட்டுல மொதல்ல போட்டிருந்தது, அதையும் சொல்லணும். மேடம் கேக்கல. தானே லெட்டர் எயுதி, பரிசத் திருப்பிக் குடுத்துட்டு, ரெண்டு வருஷ வேலையத் தூக்கிக் குப்பைல போட்டுட்டு, திரும்ப மொதல்லேந்து ஆரம்பிக்குதாம். வர தை மாசம் கல்யாணம் வச்சிருந்தாங்க. அதையும் தள்ளிட்டாங்களாம். அதுக்கு நானா பொறுப்பு? படிச்ச பொண்ணு, பொயைக்கத் தெரிய வேணாமா?”

ஜன்னலுக்கு வெளியே கல்குவாரி லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. புழுதி உள்ளே வந்தது. தமிழ்வாணன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டான். பிறகு குரல் சற்றுத் தாழ்ந்தது.

“வூடு காட்ட மட்டும்னா நான் வந்தே இருக்கமாட்டேன். ஸ்டாப்பு பேரச் சொன்னா நீயே போயிடுவ. அந்த வள்ளியம்மா கீறா இல்ல... நான் எட்டு போட்ட அன்னிக்கே, ‘நொரை நொரையாப் போவுது சார், காலு வேற வீங்குது, உங்க பட்டையில போட்டு இன்னான்னு பாத்துச் சொல்லுங்க’ன்னா. பட்டை டப்பாவ வூட்லயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன். மறுநாளு பாத்துக்கலாம்னு இருந்தேன். மறுநாளு எல்.ஐ.சி. மீட்டிங்கு. ஆளுக்கு ஒரு அட்டை குடுக்கணும், உன் ஒடம்பு இப்டி கீதுன்னு. மத்தவங்களுக்கு எயுத சொல்ல அவளுக்கும் சேத்து எயுதிட்டேன். எல்லாம் நார்மல்னு. கையெழுத்து போட்டு, சீலு வச்சி.

“இப்ப பெரிய ஆஸ்பத்திரில ரெண்டு கிட்னியும் போச்சின்றாங்க. மெஷின்ல படுக்க வச்சி ரத்தத்த சுத்தம் பண்ணணும், வாரத்துக்கு ரெண்டு தபா வரணும்ன்றாங்க. ஒரு தபா போயிட்டு வந்தா. அவ்ளோதான், நின்னுட்டா. எதுக்கு வரலன்னு ஆஸ்பத்திரிலேந்து ஆள் வந்து கேட்டா, அவ புருஷன் சின்னதம்பி கீறான் பாரு, பிளாஸ்டிக் கவருலேந்து அந்த அட்டைய எடுத்துக் காட்டறானாம். ‘ஆராய்ச்சி பண்ற சாரே எல்லாம் நல்லா கீதுன்னு எயுதிக் குடுத்துட்டாரு. நீங்க வீணா எதுக்கு பயமுறுத்தறீங்க’ன்றானாம். மேடமே போயி சொல்லிப் பாத்திச்சி. நம்பல. அட்டைல நான் வச்ச சீலுதான் அவனுக்குப் பெருசு.

“முந்தாநேத்து மேடம் போன் பண்ணிச்சி. ‘அண்ணா, நீங்க பாக்காம எயுதினீங்கன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும், அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க’ன்னு. ஒரு வார்த்தையாம். அந்த ஊர்ல நாளைக்கு எவன் எங்கிட்ட பாலிசி போடுவான்? நான் இன்னா நெனைக்கிறன்னா சிஸ்டரு, நீயே சொல்லிடு. மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம். இல்ல, பட்டை தேதி முடிஞ்சிப் போச்சி, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு... அதுல பொய்யும் பெருசா இல்ல பாரு. நான் ஓரமா நிக்கறேன், நீ வெள்ளக் கோட்டு போட்டுகினு சொன்னா ஒரு மரியாதையா...”

சொல்லிக்கொண்டே திரும்பினான். பக்கத்து சீட் காலியாக இருந்தது. பெட்டியும் இல்லை. பஸ் மூன்றாவது கியருக்கு மாறிக்கொண்டிருந்தது.

“அந்தம்மா மதகுல எறங்கிட்டாங்க,” என்றார் கண்டக்டர். “நீங்க எறங்கலியா?”

தமிழ்வாணனுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பழையசீவரம் வரை போகலாம். ஒரு டீ சாப்பிடலாம். இதே பஸ்ஸில் திரும்பிவிடலாம். தூங்கிப்போய்விட்டேன் என்று சுகிர்தாவிடம் சொல்லிக்கொள்ளலாம். அப்படி நினைத்தபடியே பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். மதகின் மேல் கீர்த்தி நின்றிருந்தாள். அவளருகே, கூட்டிப்போக வந்திருந்த சின்னதம்பி. அவன் கீர்த்தியைப் பார்க்கவில்லை. போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். சார் இறங்காமல் போய்விட்டாரே என்று தேடுகிறவனைப் போல, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு.

அடுத்த ஸ்டாப்பில் தமிழ்வாணன் இறங்கினான். திரும்பி நடக்க ஒன்றரை கிலோமீட்டர். மணி பதினொன்று. தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. பேச்சுத் துணைக்கு யாரும் இல்லை. மெஷின் கோளாறு என்பதை இரண்டு மூன்று விதமாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தான். கேட்க ஆள் இல்லாமல் அது ஒரு விதத்திலும் சரியாக வரவில்லை.

வள்ளியம்மா வீட்டு வாசலில் வேப்ப நிழலில் உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பி, ஆளே மாறியிருந்தாள். கால் இரண்டும் தண்ணீர் கோத்துப் பளபளத்தன. கீர்த்தி ஒரு ஓரமாக நின்றிருந்தாள். பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை.

“வாங்க சாரே,” என்றான் சின்னதம்பி. அவன் கையில் அந்த அட்டை இருந்தது. “இந்த சிஸ்டரு ரத்தம் எடுக்கணும்னுது. அதான் நீங்க பாத்துட்டீங்களே, எதுக்குன்னேன். நீங்களே சொல்லுங்க.”

தமிழ்வாணன் வாயைத் திறந்தான். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த மெஷினும் பட்டையும் கம்பெனிக்காரனும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

“நான் பாக்கல வள்ளியம்மா,” என்றான். “பாக்காமயே எயுதிட்டேன்.”

சின்னதம்பி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சீல் இருந்தது. கையெழுத்து இருந்தது. ஆளும் எதிரில் நின்றிருந்தார்.

வள்ளியம்மா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், “நீங்க குடுத்த சின்ன டப்பால ஒண்ணுக்குப் புடிச்சி உங்க கைல குடுத்தேனே சார். வெக்கத்த வுட்டுக் குடுத்தேன். அத இன்னா பண்ணீங்க?”

இதை மட்டும் அவன் கீர்த்தியிடம் பஸ்ஸில் சொல்லியிருக்கவில்லை. கீர்த்தி அவனைப் பார்த்தாள்.

“திரும்பி வர சொல்ல, மதகுகிட்ட,” என்றான். “கால்வாய்ல ஊத்திட்டேன்.”

வள்ளியம்மா கீர்த்தி பக்கம் கையை நீட்டினாள். கீர்த்தி கீழே உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். ஊசி ஏறும்போது வள்ளியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. புருஷனிடம் சொன்னாள்:

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு எத்தினி மணி பஸ்ஸுல போவணும்னு இந்த சிஸ்டரக் கேட்டு வச்சிக்க. சாரு கெளம்பட்டும், அவுருக்கு வேலை கீது.”