சுக்கு என்கிற நாயின் உரிமம்

— இந்த லைசன்ஸ் கடலாசு வேண்டாம், செல்லதுரை. இதோட மூணு தடவ இதையே எடுத்து நீட்டிட்ட. எனக்கு நாயக் காட்டு.

— எல்லாம் முறைப்படி இருக்கு மொய்துக்கா. லைசன்ஸ் இருக்கு, ஊசி போட்ட சீட்டு இருக்கு. வார் வாங்குன்னீங்க, வாங்குனேன். வாய்க்கூடு போடுன்னீங்க, போட்டேன். சந்துச் சங்கத்துக்கு செக்ரட்டரி நீங்க. நீங்க சொன்னதுல நான் ஒண்ண விட்டேனா?

— செக்ரட்டரியா வரல, கேட்டோ. எம் மக வயித்துப் பேத்திக்குத் தாத்தாவா வந்து நிக்கறேன்.

— ஷம்சியாவுக்கு இப்ப எப்படிக்கா இருக்கு?

— நேத்து ஆஸ்பத்திரில சேத்தோம். காய்ச்சல்னுதான் நெனச்சோம். காலைல எம் மக ஜுமைலா ஒரு கிளாஸ் தண்ணிய நீட்டினா. ஏழு வயசுப் புள்ள, பாம்பக் கண்ட மாதிரி தட்டி விட்டா. பெரிய டாக்டர் வந்தார். உதட்டோரத்துல இது என்ன தழும்புன்னார். அஞ்சு வாரம் முன்னாடி நாய் கடிச்சதுன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அந்த நாய் இப்ப உயிரோட இருக்கா?

— உயிரோட இருந்தா?

— இருந்தா இது வேற ஏதோ மூளைக் காய்ச்சல், வைத்தியம் பண்ணிப் பாக்கலாம். இல்லேன்னா, ஊசி போடுற காலம் கழிஞ்சு போச்சு, இனி லோகத்துல மருந்து இல்லன்னார். ஜுமைலா அங்கயே சுவரப் பிடிச்சு உக்காந்துட்டா. நான் சிரிச்சேன், கேட்டோ. நாய் அக்கரைல வைப்பின்ல சுகமா இருக்கு மோளே, இப்பப் போய்க் கண்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு ஆட்டோ ஏறினேன்.

— ஆமா, வைப்பின்லதான். பாக்கியம் தம்பி, எம் மச்சான் பாண்டித்துரை வீட்டுல.

— அக்கரைக்குக் கொண்டு போய் விடுன்னு தீர்ப்புச் சொன்னதே நான்தானே. பாண்டித்துரைய போன்ல விளி. வீடியோவுல நாயக் காட்டச் சொல்லு. டாக்டருக்கு அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்.

— அவன் கடலுக்குப் போயிருப்பான்.

— ஐஸ் கம்பெனில வேல பாக்கறவன் எதுக்குடா கடலுக்குப் போறான்? ஐஸ் கட்டி மெதக்குதான்னு பாக்கவா?

— ஒரு மணி நேரம் கொடுங்கக்கா. நானே கூட்டியாந்து உங்க முன்னாடி நிறுத்துறேன்.

— ஒரு மணி நேரம் ஜங்கார் படகுல வண்டி ஏத்தறதுக்கே பத்தாது.

— எப்படியாச்சும் கூட்டியாந்துர்றேன்.

— சரி, ஓடு. அதுவரைக்கும் அந்தக் கடலாசத் தா. அத ஒரு படம் எடுத்து ஜுமைலாவுக்கு அனுப்பறேன். ஊசி போட்ட நாய்தான்னு டாக்டருக்கும் தெரியட்டும்.

— மலையாளத்துல எழுதிருக்குக்கா.

— எனக்கு வாசிக்கத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. கண்ணாடி எங்க போச்சு... ஆ. உடைமையாளர், செல்லதுரை. நாயின் பெயர், சுக்கு. இனம், நாட்டு நாய், ஆண். நிறம், தவிட்டு நிறம். வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. பொது இடங்களில் வாரும் வாய்க்கூடும் இன்றி நாயைக் கொண்டுவரலாகாது. எவ்வளவு சுத்தமா எழுதிருக்கான் பாரு. அடையாளம், இடது காதின் நுனி வெட்டப்பட்டது.

— நான் கெளம்புறேன்க்கா.

— நில்லு. சுக்குக்கு ரெண்டு காதும் முழுசாத்தானே இருந்துச்சு?

— எழுதுனவன் ஏதாச்சும் தப்பா எழுதிருப்பான்.

— தெரு நாயப் பிடிச்சு, குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணித் திருப்பி விடுறப்பத்தான் காத வெட்டுவாங்க. சுக்கு எந்த வண்டிக்கும் பிடி கொடுக்காத நாய். பள்ளிவாசல் விட்டு வர்றப்ப அது காதத் தடவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். எனக்குத் தெரியாதா அந்தக் காது?

— மாமா, போதும். உள்ளத அவருகிட்ட சொல்லிருங்க.

— நீ சாயாவ வச்சுட்டு உள்ள போ, பாக்கியம்.

— போக மாட்டேன். ஒரு மணி நேரத்துல எந்த நாயக் கூட்டியாரப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். மொய்துக்கா, எந்தம்பி வீட்டுல நாயே கெடையாது. இவரு போகப் போறது வைப்பினுக்கு இல்ல. கோடவுனுக்கு.

— எந்தக் கோடவுன்?

— நான் இஞ்சி பொறுக்குற கோடவுன்தான். அங்க ஒரு நாய் சாக்குமேல படுத்தே கெடக்கும். அதும் சுக்கும் ஒரே ஈத்து, ஒரே நிறம். மிச்சத்த இவரே சொல்லட்டும். நான் சொன்னா புருஷனக் காட்டிக் கொடுத்தவள்னு ஆகும்.

— சொல்லு, செல்லதுரை.

— ஊசி போடுற கேம்ப் அன்னைக்கு சுக்கு கழுத்துல கயிறே வாங்கலக்கா. பொறந்ததுலருந்து கயிறு அறியாத நாய். வார் போடாத நாய உள்ள விட மாட்டோம், அதான் சட்டம்னு பள்ளிக்கூட கேட்டுல நிறுத்திட்டாங்க. அது கடிச்சு இழுத்து அறுத்துக்கிட்டு மீன் மார்க்கெட் பக்கமா ஓடிருச்சு. நீங்களோ போன் மேல போன். சந்துல நாலு நாய்க்கு ஆச்சு, அஞ்சாவது உன்னோடதுதான், சாயந்தரத்துக்குள்ள வரலேன்னா நாய் பிடிக்கிற வண்டிய நானே கூப்பிடுவேன்னீங்க.

— சொன்னேன்.

— நாய் எக்கேடும் கெடட்டும், கடலாசு வந்தா மதின்னீங்க.

— அதும் சொன்னேன்.

— கோடவுன் நாய் சாது. கயிறு போட்டா சொந்தக்காரன் மாதிரி பின்னாடியே வரும். ஊசி குத்துறப்பவும் வாலாட்டுச்சு. அவங்க பேர் கேட்டாங்க, சுக்குன்னேன். ஒரு வாரத்துல சுக்கையும் கயித்துக்குப் பழக்கி ஊசி போட்டுரலாம்னு இருந்தேன். அது பழகவே இல்லக்கா.

— அப்ப, பிஸ்கட் கொடுக்கப் போன புள்ளயக் கடிச்சது ஊசி போடாத நாய்.

— ஆமாக்கா.

— அன்னைக்கு ஜுமைலா ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாப்பான்னு அழுதா. நான்தான் தடுத்தேன். அங்க எழுதினா போலீசுக்குப் போகும், ஊர் விட்டு ஊர் வந்து மூட்டை தூக்கற பாவம், வீட்டுக்காரன் ரூம விட்டு இறக்கிருவான்னேன். நீ இந்தக் கடலாச நீட்டின. நான் முத்திரைய மட்டும் பாத்தேன். கீழ கடைசி வரில காதுன்னு எழுதிருக்கு, செல்லதுரை. வாசிக்கத் தெரிஞ்சவன் நான். வாசிக்கல. சோப்புப் போட்டுக் கழுவினா மதின்னு சொல்லிட்டு, இதே ஸ்டூல்ல உக்காந்து உன் சாயாவக் குடிச்சுட்டுப் போனேன்.

— அன்னைக்கே சொல்ல வாயெடுத்தேன்க்கா.

— அப்புறம்?

— மறுநாள் சங்கத்துக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எழுந்து, செல்லதுரையப் பாத்துப் படிங்கடா, எங்கிருந்தோ வந்தவன் சட்டப்படி நாய் வளக்கறான்னு சொன்னீங்க. பதினோரு வருஷத்துல இந்தச் சந்துல என்னைய ஒருத்தன் பேர் சொல்லிப் பேசுனது அன்னைக்குத்தான். அதுக்கப்புறம் வாய் வரல.

— இவரு சொல்லல, நானும் சொல்லல மொய்துக்கா. ஷம்சியா பள்ளிக்கூடத்துக்குப் போறப்பல்லாம் ஜன்னல்ல நின்னு பாப்பேன். இன்னைக்கும் நடந்து போறா. இன்னைக்கும் சிரிச்சுட்டுப் போறான்னு மனசத் தேத்திக்குவேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் செய்யத் துணிவில்ல.

— நாய் எங்க?

— செத்துருச்சுக்கா.

— எப்ப?

— கடிச்ச ஏழாம் நாள். எச்சில் ஒழுகிக்கிட்டே கெடந்துச்சு. சுவரக் கடிச்சுச்சு. தண்ணி வச்சா முழுங்க முடியல. சாக்குல கட்டி படகு ஜெட்டிக்கு அந்தப் பக்கம் பொதச்சுட்டு, வைப்பினுக்குக் கொண்டு போய் விட்டேன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன்.

— அன்னைக்கு வந்து உண்மையச் சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்போம்.

— ஆமாக்கா.

— அஞ்சு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி. அந்த ஊசிக்கு அங்க வரிசைகூடக் கெடையாது. நாலு வாரம் அது அங்கயே இருந்துச்சு, நாம இங்கயே இருந்தோம்.

— என்னைப் போலீசுல கொடுத்துருங்க. நான் எங்கிட்டும் ஓட மாட்டேன்.

— கொடுத்தா? நாய அஜாக்கிரதையா வச்சிருந்தா ஆறு மாசம். நான்தானே அச்சடிச்சு வீடு வீடா ஒட்டினேன். அந்த நோட்டீசுல எனக்கு என்ன தண்டனைன்னு ஒரு வரியும் இல்ல.

— நாங்க இப்ப என்ன செய்யணும் மொய்துக்கா?

— இன்னைக்கே போய் நீங்க ரெண்டு பேரும் ஊசி போட்டுக்குங்க. அந்த எச்சில் உங்க கையில பட்டிருக்கும். டாக்டர்கிட்ட நடந்தத நான் நேரா சொல்லிக்கறேன். ஜுமைலாவுக்கும் போட்டு விடச் சொல்லணும். புள்ளய மடியில வச்சுக்கிட்டே இருக்கா.

— போன் அடிக்குதுக்கா.

— அவதான். வந்ததுலருந்து இது நாலாவது தடவ.

— எடுங்க. எம் பேரச் சொல்லுங்க. எல்லாம் நாந்தான்னு சொல்லிருங்க.

— ஆ, மோளே. ஆமா, செல்லதுரை வீட்டுலதான் நிக்கறேன். கண்டேன். இங்கயே கூட்டியாந்துட்டான், என் கண்ணால கண்டேன், வாலாட்டிக்கிட்டு நிக்குது. இல்ல மோளே, அது இல்ல, வேற காய்ச்சல்தான். நீ அழாத. அவ கைய மெதுவாப் பிடிச்சுக்கோ. என்னது, படமா? ஆ. அனுப்பறேன்.

— மொய்துக்கா, என்ன சொல்லிட்டீங்க...

— போ, செல்லதுரை. அந்தக் கோடவுன் நாயக் கூட்டிட்டு வா. வெட்டின காது தெரியாம நிறுத்தணும், கேட்டோ.